டி அண்ட் டி சண்டை இழுக்கிறதா? டேப்லெட் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

கேள்வி சுருக்கமாக இது. சேலம் அழகாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறார்கள். கேட்பவர்தான் டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர். ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், எல்லோரும் 3-ம் லெவல். கதை நன்றாகப் போகிறது, சண்டை வந்தால் மட்டும் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. கையில் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் இருக்கிறது. என்ன ஆப் போடலாம்? இதற்காக ஐபேட் வாங்க வேண்டுமா? அவ்வப்போது ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்ட வீட்டில் ஆடுகிறார்கள், அங்கே நெட் கிடைப்பதில்லை, அதற்கு என்ன வழி?

ஆப் பெயருக்குப் போகும் முன் சண்டை ஏன் இழுக்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, டி.எம். தேடிக்கொண்டிருப்பது. ஓகர் என்ற அரக்கனின் ஏ.சி. (அடி பட எட்ட வேண்டிய எண்) என்ன, மூன்றாவது கோப்ளினுக்கு (குட்டிப் பூதம்) எவ்வளவு எச்.பி. (உயிர்ப் புள்ளி) மிச்சம், ப்ளெஸ் என்ற மந்திரம் இன்னும் ஓடுகிறதா என்று புத்தகத்தையும் கிறுக்கிய தாளையும் மாறி மாறிப் புரட்டுவது. இன்னொன்று, தன் டர்ன் வந்த பிறகுதான் ஆட்டக்காரர் யோசிக்கவே ஆரம்பிப்பது. "அண்ணா, என் டர்னா? எந்த கோப்ளின் அடிபட்டிருக்கு?" என்று கேட்டு, ஸ்பெல் (மந்திரம்) பட்டியலைத் திறந்து, அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் யோசனை கேட்டு... ஐந்து பேரும் இப்படி ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தால் ஒரு ரவுண்டுக்குப் பத்து நிமிடம் அங்கேயே போய்விடும்.

டி.எம். மட்டும் பார்க்கும் ஆப் முதல் காரணத்தைத்தான் தீர்க்கும். இரண்டாவது தீர வேண்டுமானால் வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவருக்கு அடுத்து தான்தான் என்று தெரிந்திருப்பது போல, "அடுத்து நான்" என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்திருந்தால் அவர் முன்கூட்டியே ஸ்பெல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். அதனால் ஆட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு திரை காட்டுமா என்பதைத்தான் நான் ஒரு காம்பேட் ஆப்பில் முதலில் பார்ப்பேன். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு சண்டையை எடுத்து நடத்திப் பார்ப்போம், விஷயம் தெளிவாகும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவது வளைவில் மூடுபனி, ஆறு கோப்ளின், ஒரு ஓகர். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்புப் புத்தகக் கணக்கில் கோப்ளினுக்கு ஏ.சி. 15, எச்.பி. 7. ஓகருக்கு ஏ.சி. 11, எச்.பி. 59.

ஆப்பில் ஏற்றியவுடன் அது ஏழு பேருக்கும் தனித்தனியாக இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்யும் எண்) உருட்டித் தரும். ஒரு தட்டில் வந்துவிடுவதால் அப்படியே விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். 2014 விதிப்படி ஒரே வகை எதிரிகளுக்கு டி.எம். ஒரே ஒரு தடவை உருட்டினால் போதும். நான் ஆறு கோப்ளினை மும்மூன்றாக இரண்டு குழுவாக்கிவிடுவேன். ஆட்டக்காரர் ஐந்து, கோப்ளின் குழு இரண்டு, ஓகர் ஒன்று என எட்டு வரிகளில் முடிந்துவிடும். தனித்தனியாக விட்டால் பன்னிரண்டு வரி. எட்டு வரி என்றால் பத்து அங்குலத் திரையில் விரலால் தள்ளாமலேயே மொத்தமும் தெரியும். பன்னிரண்டாகிவிட்டால் சண்டை முழுக்க விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆட்டக்காரர்களுக்கு நீங்களோ ஆப்போ உருட்ட வேண்டாம். அவர்களே டி20 (இருபது முகப் பகடை) உருட்டி எண்ணைச் சொல்லட்டும், நீங்கள் தட்டிக்கொள்ளுங்கள். வீட்டு மாடியில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடுவதே பகடை மேசையில் உருளும் சத்தத்துக்காகத்தான். அதை ஆப்பிடம் கொடுத்துவிட்டால் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆடிக்கொள்ளலாமே.

அடுத்து பெயர். எல்லா ஆப்பும் "கோப்ளின் 1, கோப்ளின் 2" என்றுதான் வைக்கும். அதை மாற்றிவிடுங்கள். பெயர் போடும் இடத்தில் தமிழிலேயே அடிக்கலாம், யூனிகோட் என்பதால் பொதுவாகச் சிக்கல் வராது. ஒற்றைக்காதன், சட்டித்தலையன், கூன்முதுகன், ஈட்டிக்காரன், நொண்டி, குட்டையன். ஒரு ரவுண்டு போவதற்குள் ஆட்டக்காரர்களே "சட்டித்தலையனை நான் பாத்துக்கறேன், நீ கூன்முதுகனைப் பிடி" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். "எது மூன்றாவது, மரத்துக்கிட்ட நிக்கறதா, பாறைக்கிட்ட நிக்கறதா" என்ற கேள்வியே வராது. இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் நான் பார்த்த வரையில் பணம் கட்டி வாங்கும் பல வசதிகளைவிட இது அதிக நேரம் மிச்சப்படுத்துகிறது.

இப்போது ஆட்டக்காரர்களில் மந்திரவாதியான விசார்ட், ஷாட்டர் என்ற மந்திரத்தைப் போடுகிறார். 3டி8, அதாவது மூன்று எட்டு முகப் பகடை, விழுந்தது 12. உள்ளே மாட்டியது நான்கு கோப்ளின். இரண்டு கோப்ளின் சேவில் (பாதிப்பைத் தாங்க உருட்டும் டி20) தோற்றன, இரண்டு தப்பின. தோற்றவை 12 வாங்கிச் செத்தன. தப்பியவை பாதி, அதாவது 6 வாங்கி, 1 எச்.பி.யில் தள்ளாடுகின்றன. தாளில் இதைச் செய்ய நான்கு அடித்தல், நான்கு கழித்தல், ஒரு "இரு, இரு". நல்ல ஆப்பில் நான்கு பேரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையாக டேமேஜ் போடலாம். பாதி டேமேஜுக்குத் தனி பட்டன் இருக்கிறதா, இல்லை இரண்டு இரண்டு பேராகப் போட வேண்டுமா என்பது ஆப்புக்கு ஆப் மாறும். எந்த ஆப்பை இறக்கினாலும் இந்த ஒரு காரியத்தை முதலில் செய்து பாருங்கள். நான்கு பேருக்கு டேமேஜ் போட ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வர வேண்டியிருந்தால் அந்த ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரம் நீடிக்க அதைப் போட்டவர் கவனம் சிதறாமல் இருப்பது. பெரும்பாலான மேசைகளில் விதி நழுவுவது இங்கேதான். கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) மூன்று பேருக்கு ப்ளெஸ் போட்டிருக்கிறார். ஓகர் அவரைத் தடியால் அடிக்கிறது, 13 டேமேஜ். உடனே கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் உருட்ட வேண்டும். டி.சி. (எட்ட வேண்டிய எண்) 10 அல்லது டேமேஜில் பாதி, எது அதிகமோ அது. 13-ல் பாதி 6, ஆக 10. கிரிட்டிகலாக விழுந்து 22 வந்திருந்தால் 11. கிளெரிக் தன்னையும் ப்ளெஸ்ஸில் சேர்த்திருந்தால் அந்த சேவுக்கே ஒரு டி4 கூடும், அதையும் மறந்துவிடுவார்கள். கான்சன்ட்ரேஷன் அடையாளம் போட்ட ஆளுக்கு டேமேஜ் கொடுத்தவுடன் "சேவ் உருட்டச் சொல், டி.சி. இவ்வளவு" என்று தானாக நினைவூட்டும் ஆப் இருந்தால் அதற்கு நான் இரண்டு மதிப்பெண் கூடவே கொடுப்பேன். கீழே சொல்லப்போகும் இம்ப்ரூவ்ட் இனிஷியேட்டிவ் என்ற கருவியில் இது உண்டு.

நேரக்கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு ரவுண்டு 6 விநாடி, ஒரு நிமிடம் என்றால் 10 ரவுண்டு. ப்ளெஸ் ஒரு நிமிடம். எந்தச் சண்டையும் பத்து ரவுண்டு ஓடுவது அபூர்வம், அதனால் ப்ளெஸ்ஸுக்கு ரவுண்டு எண்ணுவது வெட்டி வேலை. குழப்பம் வருவது "அடுத்த டர்ன் முடியும் வரை" வகையறாவில். கைடிங் போல்ட் என்ற மந்திரம் பட்ட எதிரி மீது அடுத்து விழும் அடிக்கு அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுப்பது). அது போட்டவரின் அடுத்த டர்ன் முடியும் வரைதான். யாருடைய டர்ன், தொடக்கமா முடிவா என்பது மூன்று பேர் தாண்டியதும் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு அடையாளத்தை "இன்னாருடைய டர்ன் முடிவில் போய்விடு" என்று குறித்து வைக்க ஆப் விடுகிறதா என்று பாருங்கள். வெறும் ரவுண்டு எண்ணிக்கை மட்டும் வைக்க விட்டால் பாதிப் பயன்தான்.

மூடுபனிக்கு ஆப்பில் எதையும் தேட வேண்டாம். இரண்டு தரப்புக்குமே எதிராளி தெரியவில்லை என்றால் அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், சாதாரணமாக உருட்டினால் போதும். ரியாக்‌ஷன், ரீசார்ஜ், லெஜண்டரி ஆக்‌ஷன் போன்ற சிறப்பு நடவடிக்கைகளையெல்லாம் பெரிய எதிரிகள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 3-ம் லெவலில் அவ்வளவாகத் தேவைப்படாது.

சண்டையைத் திட்டமிடும்போது ஆப் சொல்லும் கஷ்ட அளவை நம்பலாமா? எந்தப் பதிப்பின் கணக்கில் சொல்கிறது என்று பார்த்துவிட்டு நம்பலாம். நம் மலைப்பாதைச் சண்டையையே போட்டுப் பார்ப்போம். கோப்ளினுக்கு 50 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி), ஆறுக்கு 300. ஓகருக்கு 450. மொத்தம் 750. 2014 விதிப்படி ஏழு எதிரிகள் என்பதால் அதை 2.5-ஆல் பெருக்க வேண்டும், 1,875 வரும். 3-ம் லெவல் ஐந்து பேருக்கு 'ஹார்ட்' எல்லை 1,125, 'டெட்லி' எல்லை 2,000. ஆக இது உயிர் போகும் விளிம்பில் நிற்கும் சண்டை. 2024-ல் வந்த திருத்திய விதிகளில் அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் 3-ம் லெவல் ஆளுக்கு 150 எக்ஸ்.பி. என்றால் 'லோ'. ஐந்து பேருக்கு 750. அதே சண்டை, சுலபமான வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது! ஒரு ஆப் "கிட்டத்தட்ட டெட்லி" என்கும், இன்னொன்று "லோ" என்கும், இரண்டும் பொய் சொல்லவில்லை. புதிய புத்தகத்தில் எதிரிகளின் எண்களும் மாறியிருக்கின்றன. நீங்கள் 2014 புத்தகம் வைத்து ஆடினால் ஆப்பிலும் 2014 என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். கணக்கு போட்டுப் பார்க்க மட்டும் என்றால் கோபோல்ட் ப்ளஸ் ஃபைட் கிளப் என்ற இணையப் பக்கம் போதும்.

சரி, ஆப் பெயர்கள். டேப்லெட்டில் இப்போதே தொடங்க வேண்டுமானால் இம்ப்ரூவ்ட் இனிஷியேட்டிவ். இது ஆப்பே அல்ல, பிரவுசரில் திறக்கும் பக்கம். இலவசம். முக்கியமாக, ஆட்டக்காரர்களுக்குத் தனி இணைப்பு ஒன்று தருகிறது. அதை ஒரு பழைய போனிலோ கூடத்து டிவியிலோ திறந்து வைத்தால் வரிசை தெரியும், யாருடைய டர்ன் என்று தெரியும், எதிரியின் எச்.பி. எண்ணாகத் தெரியாமல் "அடிபட்டிருக்கிறது" என்ற அளவில் மட்டும் தெரியும். நான் மேலே சொன்ன இரண்டாவது காரணம் அதிலேயே பாதி தீர்ந்துவிடும். அழகாபுரம் வீட்டில் வைஃபை இருக்கும்வரை எனக்கு இதுதான் முதல் தேர்வு.

நெட் இல்லாத இடத்துக்கு கேம் மாஸ்டர் ஃபிஃப்த் எடிஷன் என்ற ஆப். லயன்ஸ் டென் வெளியிட்டது, ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் உண்டு. எதிரிகள், சண்டைகள், ஆட்டக்காரர்கள் எல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கும். தோற்றம் கொஞ்சம் பழசு, முதலில் எங்கே என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், ஆனால் மலைமேல் சிக்னல் இல்லாதபோது கைவிடாது.

டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையத்தளம் 2017-ல் வந்தது, 2022-ல் டி அண்ட் டியின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ வாங்கியது. உங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கேரக்டரை அங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்றால் மட்டும் அதன் சண்டைக் கருவியைப் பாருங்கள், அவர்களுடைய எச்.பி. தானாக வந்து நிற்பது வசதிதான். தாளில் கேரக்டர் எழுதும் மேசைக்கு அது வீண் சுமை. ஃபவுண்ட்ரி, திரையிலேயே மேப் போட்டு ஆடுவதற்கான அருமையான மென்பொருள், ஒரு தடவை பணம் கட்டினால் போதும், ஆனால் அது மடிக்கணினிக்காரர்களுக்கு. டேப்லெட்டில் டி.எம். வேலை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இலவச ஆப்பில் பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற பிரபல எதிரிகள் ஏன் இல்லை என்று தேடித் தேடி ஆப்பைத் திட்டுபவர்கள் உண்டு. ஆப் மீது தப்பில்லை. ஐந்தாம் பதிப்பு விதிகளில் எஸ்.ஆர்.டி. என்ற பகுதியை மட்டும்தான் யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியீட்டாளர்கள் விட்டிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் உரிமத்தை மாற்றப் போவதாகச் செய்தி கசிந்து பெரிய ரகளையாகி, கடைசியில் எஸ்.ஆர்.டி. 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். கோப்ளின், ஓகர், பெரிய டிராகன்கள் எல்லாம் அதில் உண்டு. பிஹோல்டர் கிடையாது. உங்களிடம் புத்தகம் இருந்தால் உங்கள் உபயோகத்துக்கு நீங்களே தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், கால் மணி நேர வேலை. மாறாக, இதே மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுடைய விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் அதை வெளியிடும் பைஸோவின் அனுமதியோடு இலவசமாகவே கிடக்கின்றன.

ஏற்காட்டுக்கு வருவோம். ஏரிப் பக்கம் சிக்னல் இருக்கும், தோட்டத்துக்குள் நாகலூர் பக்கமோ இன்னும் உள்ளேயோ போய்விட்டால் ஜன்னல் ஓரத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதுதான். மழை பிடித்தால் கரண்டும் போகும். அதனால் கிளம்பும் முன் கீழே சேலத்திலேயே மூன்று காரியம் முடித்துவிடுங்கள். அன்றைக்கு வரப்போகும் சண்டைகளையெல்லாம் கேம் மாஸ்டர் ஆப்பில் ஏற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு டேப்லெட்டை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஆப்பை முழுக்க மூடித் திரும்பத் திறந்து, ஒரு ரவுண்டு நடத்திப் பாருங்கள். ஆஃப்லைனில் ஓடும் என்று எழுதியிருப்பதை நம்பிப் போகக் கூடாது, சில ஆப்கள் திறக்கும்போது மட்டும் லாகின் கேட்கும். மூன்றாவது, பவர் பேங்க். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஒரு மாலைக்குத் தாராளமாக வரும்.

மேலே ஏற்காட்டில் ஆட்டக்காரர்களுக்கு வரிசை காட்ட எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் வேண்டாம். ஏ4 தாளை நீளவாக்கில் மடித்துக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரைப் பெரிதாக எழுதி, டி.எம். தன் முன்னால் நிறுத்தும் மறைப்பு அட்டையின் மேல் விளிம்பில் கூடாரம் மாதிரி கவிழ்த்து வரிசையாக மாட்டுங்கள். செத்தவனை எடுத்துவிடுங்கள். டேப்லெட்டில் எச்.பி.யும் கண்டிஷனும், தாளில் வரிசை. சொல்லப்போனால் சேலத்திலும் இப்படியே ஆடலாம், பழைய போனைத் தேட வேண்டியதில்லை.

டேப்லெட்டில் கூடவே சில சில்லறை வேலைகள். திரை அணையும் நேரத்தை அதிகபட்சத்துக்கு மாற்றுங்கள், டி.எம். வர்ணித்துக்கொண்டிருக்கும்போது கருப்பாகிவிட்டால் வேகமே போய்விடும். டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவின் மாலை வணக்கம் ஓகரின் எச்.பி. மேல் வந்து உட்காரக் கூடாது. ஸ்கிரீன் பின்னிங் போட்டுவிட்டால் யாராவது தெரியாமல் தொட்டாலும் ஆப்பைவிட்டு வெளியே போகாது. தட்டுவடை செட் சாப்பிட்ட கையோடு யாரையும் டேப்லெட்டைத் தொடவிடாதீர்கள், காரச் சட்னி பட்ட விரலுக்குத் தொடுதிரை ஏறுமாறாகத்தான் பதில் சொல்லும்.

ஆட்டக்காரர்களின் எச்.பி.யை ஆப்பில் நீங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். வரிசையில் பெயரும் ஏ.சி.யும் இருந்தால் போதும். அவரவர் எச்.பி.யை அவரவர் தாளில் கழிக்கட்டும். "எனக்கு 4-தான் இருக்கு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் கிளெரிக் தலையைத் தூக்கிப் பார்ப்பார். டெத் சேவை (எச்.பி. தீர்ந்து விழுந்தவர் பிழைக்க உருட்டுவது) மட்டும் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தோல்வியில் உயிர் போகும், 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு, 20 விழுந்தால் 1 எச்.பி.யோடு எழுந்துவிடுவார். பதற்றத்தில் ஆட்டக்காரர் தப்பாக எண்ணுவது சகஜம்.

கடைசியாக ஐபேட். ஐபேடுக்கு நல்ல ஆப் ஒன்று உண்டு, என்கவுண்டர் ப்ளஸ். மேப், மறைத்துவைத்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறப்பது, சண்டை வரிசை எல்லாம் ஒரே இடத்தில். இன்னொரு திரையில் ஆட்டக்காரர்களுக்கான காட்சியைத் தனியாகக் காட்டும். அதே வைஃபையில் இருப்பவர்கள் பிரவுசரிலும் பார்க்கலாம். கூடத்தில் டிவியைப் படுக்கப்போட்டு அதன்மேல் மினியேச்சர் வைத்து ஆடும் ஆசை உங்களுக்கு இருந்தால், ஏற்கெனவே வீட்டில் ஐபேடும் இருந்தால், அதைப் போடுங்கள். சண்டை வேகமாக வேண்டும் என்பதற்காக மட்டும் புதிதாக ஐபேட் வாங்க வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு டேப்லெட்டும், தாள் கூடாரங்களும், "அடுத்து விசார்ட், அதற்கடுத்து ஓகர்" என்று ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் சத்தமாகச் சொல்லும் பழக்கமும் போதும். இரண்டு மூன்று ஞாயிறு இப்படி ஆடிவிட்டு, அதற்கப்புறமும் இழுத்தால் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று குறித்து எழுதுங்கள், அதைப் பார்த்து ஆப்பை மாற்றலாமா விதியை மாற்றலாமா என்று சொல்கிறேன்.